பனி தடித்தால் குளிர் குறையும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றிலே என் தமக்கையார் குடியிருக்கின்றார். ஒரு நாட் காலை அவர் என்னை அழைத்து, "தம்பி, இந்தப் பெட்டிக்கு என்ன வந்ததோ தெரியேல்லை. மேலே ஐஸ் மலைபோலக் கிடக்குது. கீழே வைச்ச பால் திரைஞ்சு போகுது. இவ்வளவு ஐஸ் இருந்தும் ஏன் குளிரில்லை?" என்று கேட்டார்.

நான் சென்று பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் மேற்பகுதியிலே, 'பிறீசர்' என்று நாம் வழங்கும் உறையறையின் சுவர்களில் இரு விரற் கனத்துக்குப் பனி படிந்திருந்தது. அதன் சிறு கதவு பனியில் இடித்து, மூடாமல் நின்றது. குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஆகக் கூடிய இலக்கத்திலே திருப்பப்பட்டிருந்தது. பால் திரைகிறதே என்று தமக்கையார்தாம் அதனை நாளுக்கு நாள் கூட்டிவந்திருக்கிறார்.

பால் திரைந்ததோடு சேதம் நிற்கவில்லை. உறையறைக்கு நேர் கீழே அத்தானுடைய இன்சுலின் மருந்து வைக்கப்பட்டிருந்தது. எடுத்துப் பார்த்தால், அது உறைந்து கல்லாகியிருந்தது. திறவாத இன்சுலினை 2 பாகைக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடையில் வைத்தல் வேண்டும். ஒரு முறை உறைந்துவிட்டால், பின்னர் உருகிப் பழைய தோற்றத்தைப் பெற்றாலும் அதன் ஆற்றலை நம்புதற்கில்லை, எறிந்துவிட வேண்டியதே. ஒரே பெட்டிக்குள், ஒரு புறத்தில் மருந்து உறைந்து பாழாயிற்று. மறு புறத்திற் கதவோரம் இருந்த பால் வெப்பத்தால் பாழாயிற்று. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வது எங்ஙனம்? இதற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகின்றது. உள்ளங்கையிற் சிறிது ஓடிக்கொலோனை ஊற்றினால் கை சில்லென்று குளிர்கிறதன்றோ? அது ஆவியாகும்போது கையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதே காரணம். இப்பெட்டியிலும் அதுவே நிகழ்கின்றது. உறையறைச் சுவரிலுள்ள மெல்லிய குழாய்களிலே ஒரு திரவம் ஆவியாகி, உணவின் வெப்பத்தைக் கவர்கின்றது. அந்த ஆவியைப் பெட்டியின் அடியிலுள்ள அமுக்கி உறிஞ்சி நெருக்கி, வெளிப்புறக் குழாய்களுக்குத் தள்ளுகின்றது. அங்கே அது வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகின்றது. இந்தச் சுற்று ஓயாது நடைபெறுகின்றது.

ஆகவே, உணவின் வெப்பம் உறையறைச் சுவரைத் தடையின்றிச் சென்றடைய வேண்டும். அலுமினியச் சுவராயின் வெப்பம் விரைந்து பாயும். பனிக்கட்டியோ அலுமினியத்தைப் போல ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வேகத்திலேயே வெப்பத்தைக் கடத்தும். பொருபொருவென்ற வெண்பனி, தன் துளைகளிற் காற்றை அடக்கி வைத்திருப்பதனால், அதிலும் மோசம். வடதுருவத்தை அண்டி வாழும் இனுவிற் மக்கள் பனியினாலே குடில் கட்டி அதனுள்ளே குளிர் காய்ந்தார்கள் என்று படித்திருப்பீர்கள். பனி அவர்களுக்குப் போர்வையாயிற்று. நம் பெட்டிக்குள்ளும் அதே போர்வைதான் குளிர்ச்சுவரின் மேல் விரிகின்றது. போர்வைக்கு அப்பால் இருக்கும் பாலின் வெப்பம் சுவரைச் சேர முடிவதில்லை. அமுக்கியோ ஓய்வின்றி ஓடுகின்றது. பனியை ஒட்டியிருக்கும் பொருள் உறைகின்றது. தொலைவில் இருக்கும் பொருள் கெடுகின்றது. குமிழைத் திருப்பினால் இவ்வேறுபாடு பின்னும் வளருமேயன்றிக் குறையாது.

பனியைக் கண்டதும் குளிர் மிகுந்திருக்கிறது என்று எண்ணுவது நமக்கு இயல்பே. நம் மூதாதையர்க்கு ஐஸ் என்பது கடல் கடந்து வந்த அரும்பொருள். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளிற் பொதியப்பட்டு, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க எழுந்த ஐஸ் ஹவுஸ் ஆகும். கொழும்பிலே 1866இல் ஐஸ் கொம்பனி தோன்றிய பின்னரே இந்நகரத்தார்க்கு அது உள்ளூர்ப் பொருளாயிற்று. அத்தகைய அரும்பொருளை வீட்டிலே கண்டால் மகிழ்ச்சி தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் கிண்ணத்தில் உறைந்த பனி வேறு. சுவரிற் படிந்த பனி வேறு. முன்னது செல்வம், பின்னது சுமை.

சுவரிற் படியும் இந்தப் பனிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது? பெரும்பகுதி நம் கொழும்புக் காற்றிலிருந்தே வருகின்றது. வெப்பநிலை 30 பாகையும் ஈரப்பதன் நூற்றுக்கு 80 வீதமும் உள்ள ஒரு நாளிலே, ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி கலந்திருக்கும். உறையறைக்குரிய கழி 18 பாகைக் குளிரிலே அதே அளவு காற்று ஒரு கிராம் நீராவியையே தாங்கும். எஞ்சியதெல்லாம் பனியாகப் படிந்தாக வேண்டும். பெட்டியின் கதவை ஒரு முறை திறக்கும்போது நூறு லீற்றர் காற்று மாறுகிறது எனக் கொண்டால், ஏறத்தாழ 2 கிராம் நீர் உள்ளே புகுகின்றது. நாளொன்றுக்கு முப்பது முறை திறந்தால் 60 கிராம். மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம். ஒரு பகுதி வடிந்து போகுமெனினும், மீதி சுவரிலே தங்கும்.

இதனால் வரும் செலவையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து பூச்சியத்துக்குக் குளிர்விக்க 30 கலோரி வெப்பத்தை அகற்றினாற் போதும். ஆனால் ஒரு கிராம் நீராவியை நீராக்கிப் பின் பனியாக்குவதற்கோ ஏறத்தாழ 680 கலோரியை அகற்ற வேண்டும். அது முன்னையதிலும் இருபது மடங்குக்கு மேல். கதவிடுக்கால் நுழையும் ஈரக்காற்று மின்சாரத்தை விழுங்குவது இவ்வாறுதான். இலங்கையின் மின்கட்டணம் 2022 ஆகத்தில் சராசரி நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்ட காலத்தை நம் இல்லத்தரசிகள் மறந்திரார். கட்டணங்கள் ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. கதவிடுக்கு நம் கையில் உள்ளது.

இனி, பழுதை அறியும் வழிக்கு வருவோம். மருத்துவர் நாடி பார்ப்பது போல, பனி எந்த இடத்தில், எந்த வடிவிற் படிந்திருக்கிறது என்று முதலிற் பாருங்கள். பெரும்பாலும் அதுவே நோயைச் சொல்லிவிடும்.

பனி உறையறையின் வாயிலோரத்திலே, கதவின் ஒரு பக்கத்தை அண்டித் தடித்திருந்தால், கதவைச் சுற்றியுள்ள இறப்பர்ப் பட்டியைச் சோதியுங்கள். ஒரு நாணயத்தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். இறுகிப் பிடித்தால் பட்டி நன்று. வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்திற் காற்று நுழைகின்றது. கதவைச் சுற்றிலும் சாண் சாணாக இச்சோதனையைச் செய்தல் வேண்டும். இரவிலே அறை விளக்கை அணைத்து, எரியும் ரோச் விளக்கொன்றை உள்ளே வைத்து மூடினால், ஒளி கசியும் இடமும் புலப்படும்.

பட்டியிற் குறை கண்டவுடன் புதிது வாங்க ஓட வேண்டியதில்லை. தேங்காய்ப்பாலும் மீன்நீரும் அதன் மடிப்புகளிற் காய்ந்து பூஞ்சணம் பிடித்திருக்கக்கூடும். இளஞ்சூட்டு நீரிற் சவர்க்காரம் கரைத்து, மென்துணியால் மடிப்புத் தோறும் துடைத்து உலர விடுங்கள். நெளிந்த இடத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாயைச் சற்று நேரம் வைத்தால், பட்டி இளகிப் பழைய வடிவுக்குத் திரும்புவதும் உண்டு. வெடித்த பட்டியை மட்டும் மாற்றுதலே முறை. பெட்டியின் முன்கால்களைச் சிறிதளவு உயர்த்தி வைத்தால், கதவு தானாகவே சென்று மூடிக்கொள்ளும்.

பனி எல்லாச் சுவர்களிலும் ஒரே சீராகப் படர்ந்திருந்தால், பொறியிற் குறையில்லை, பழக்கத்திலேதான் குறை. ஆவி பறக்கும் சொதியை அப்படியே உள்ளே வைப்பதும், கழுவிய மீனை நீர் சொட்டச் சொட்டத் திறந்த பாத்திரத்தில் வைப்பதும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே என்ன சமைக்கலாம் என்று சிந்திப்பதும் அப்பழக்கங்கள். சோறுகறியை ஆற விட்டு, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க விடாமல், மூடி வையுங்கள்.

உறையறையின் ஒரு மூலையில் மாத்திரம் பனி உருண்டு திரண்டு, ஏனைய சுவர்கள் வெறுமையாக இருப்பின், அது வேறு நோய். குழாயிலுள்ள குளிரூட்டி வாயு குறைந்துவிட்டது எனவோ, குழாயில் அடைப்பு உண்டு எனவோ ஐயுற வேண்டும். இது வீட்டாரால் ஆகும் காரியமன்று; தேர்ந்த மெக்கானிக்கை அழையுங்கள். ஆயினும் ஒன்றை அறிந்திருங்கள். விளக்கில் எண்ணெய் குறைவது போல இவ்வாயு நாளடைவிற் செலவாவதில்லை. முழுதும் மூடிய குழாயிலே சுற்றி வருவது அது. குறைந்தது உண்மையாயின், எங்கோ ஒரு துவாரம் இருத்தல் வேண்டும். துவாரத்தைக் கண்டு அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் கையாற் பனி நீக்கும் பழைய மாதிரிப் பெட்டிகளுக்கு உரியன. இக்காலத்திற் பல வீடுகளில் இருப்பன, பனியைத் தாமே நீக்கிக்கொள்ளும் பெட்டிகள். இவற்றிலே குளிர்க்குழாய்கள் உறையறையின் பின்தகட்டுக்குப் பின்னே மறைந்திருக்கும். ஒரு சிறு விசிறி குளிரை மேலும் கீழும் செலுத்தும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சூடாக்கி எரிந்து, குழாயிற் படிந்த பனியை உருக்கும். உருகிய நீர் ஒரு வடிகுழாய் வழியே இறங்கி, அடியிலுள்ள தட்டிற் சேர்ந்து, அமுக்கியின் வெப்பத்தால் ஆவியாகிவிடும்.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றில் வாழும் என் நண்பர் வீட்டிலே அத்தகைய பெட்டி ஒன்று உண்டு. மேலறை ஒருவாறு குளிர்ந்தது. கீழறையில் மரக்கறி வாடியது. வந்து பார்த்த ஒருவர், வாயு தீர்ந்தது எனக் கூறி, பெட்டியை ஒரு நாள் முழுவதும் நிறுத்தி வைத்து, வாயு நிரப்பிப் பணமும் பெற்றுச் சென்றார். பெட்டி ஒரு கிழமை நன்றாகக் குளிர்ந்தது. பின்னர் பழைய கதையே. மீண்டும் நிரப்பினார், மீண்டும் ஒரு கிழமை. மூன்றாம் முறை, வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் வந்து பின்தகட்டைக் கழற்றினார். உள்ளே குழாய்கள் கண்ணுக்குத் தெரியாதபடி பனிச்சுவர் எழுந்து, விசிறியையும் கவ்வியிருந்தது. பனி உருக்கும் சூடாக்கி எரிந்துபோயிருந்தது. அதை மாற்றியதும் நோய் தீர்ந்தது.

அப்படியானால் இடையிலே இரு முறை ஒரு கிழமை குளிர்ந்தது ஏன்? வாயு நிரப்புவதற்காகப் பெட்டியை நிறுத்தி வைத்தபோது பனி தானாகவே உருகிற்று. குணம் தந்தது அந்த ஓய்வு. கூலி பெற்றது வாயு. ஆகவே நேயர்களே, உங்கள் பெட்டி நிறுத்தி வைத்தபின் சில நாட்கள் நன்றாக இருந்து மீண்டும் பழுதுறுமாயின், வாயுவைக் குறைகூறுமுன் பனி நீக்கும் உறுப்புகளைப் பார்க்கும்படி கேளுங்கள். விசிறி எதிலோ உரசுவது போன்ற ஓசையும் இதே குறியாகும். உறையறையின் தளத்திலே கண்ணாடி போன்ற பனித்தகடு படிந்திருந்தாலோ, கீழறையில் நீர் தேங்கினாலோ, வடிகுழாய் அடைபட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

பனியே இல்லாமல் குளிரும் குன்றினால், வெப்பம் வெளியேறும் பக்கத்தைப் பாருங்கள். பின்புறத்திற் கருங்குழாய் வலை தெரியும் பெட்டியாயின், மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, அதிலுள்ள தூசியை மென்தூரிகையால் அகற்றுங்கள். வெள்ளவத்தை போன்ற கடலோர இடங்களில் உப்புக்காற்று அக்குழாய்களிற் கறல் பிடிக்கச் செய்யும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் அக்குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளே மறைந்திருக்கும். ஆதலால் பக்கங்கள் சுடுவது பழுதன்று. ஆனால் அவற்றை அலுமாரியோடும் சுவரோடும் ஒட்டி வைத்தால் வெப்பம் செல்ல வழியிராது. எப்பக்கமும் நாலு விரலுக்குக் குறையாத இடைவெளி வேண்டும். அடுப்பின் அயலும் ஆகாது.

தடித்த பனியை நீக்கும் முறையை இனிக் கூறுவேன். பனி கால் அங்குலக் கனத்தை, அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீற்றரை எட்டியதும் நீக்கிவிடுக. முதலில் ஆளியை நிறுத்தி, செருகியையும் கழற்றுங்கள். மீனையும் இறைச்சியையும் பத்திரிகைத்தாளிற் பல மடிப்பாகச் சுற்றி, ஒன்றோடொன்று நெருக்கி, ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள். உறையறையினுள்ளே வெந்நீர்க் கிண்ணமொன்றை மடித்த துணியின்மேல் வைத்து, நீர் ஆறியதும் மாற்றுங்கள். கீழே துவாயை விரித்து விடுங்கள். பாளம் பாளமாகப் பனி கழன்று விழும். அவ்வாறு கழன்றதை மட்டும் கையாலோ மர அகப்பையாலோ எடுங்கள். எல்லாம் நீங்கியபின் சுவர்களை நன்கு உலரத் துடைத்தல் இன்றியமையாதது. துடைக்காமல் விட்ட நீரே அடுத்த பனியின் முதற் படை. பின்னர்ப் பெட்டியை வெறுமையாக ஓட்டி, குளிர்ந்தபின் உணவை வையுங்கள். முற்றும் உருகிய மீனைத் திரும்ப உறைய வைக்காது, அன்றே சமைத்துவிடுங்கள்.

கத்தி, திருப்புளி, ஆணி என்பவற்றால் பனியைக் குத்தவே கூடாது. அலுமினியக் குழாய் மிக மெல்லியது. ஒரு குத்தில் துளை விழும். முற்காலத்துப் பெட்டிகளில் கந்தகவீரொட்சைட்டு முதலிய நச்சு வாயுக்கள் நிரப்பப்பட்டிருந்தன. பேர்லின் நகரிலே அத்தகைய கசிவால் ஒரு குடும்பமே மாண்ட செய்தியைப் படித்த பேரறிஞர் ஐன்ஸ்ரைன், தம் நண்பர் சிலாட்டுடன் சேர்ந்து, அசையும் உறுப்பில்லாத குளிர்ப்பெட்டி ஒன்றை வகுத்து, 1930இல் அமெரிக்க உரிமைப்பத்திரமும் பெற்றார். பின்னர் நஞ்சற்ற குளோரோபுளோரோகாபன்கள் வந்தன. அவை வானத்து ஓசோன் படையை அரிப்பது தெரிந்ததும், 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கையும் 1989இல் அதில் இணைந்தது. இன்றைய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். ஓசோனுக்குத் தீங்கற்றது, ஆனால் தீப்பற்றக்கூடியது. பெட்டியின் பின்னுள்ள சிட்டையில் 'ஆர் 600ஏ' என்றிருந்தால் அது இதுவே. எப்போதேனும் குழாய் துளைபட்டுச் சீறும் ஓசை கேட்டால், எந்த ஆளியையும் தொடாமல், தீ மூட்டாமல், சாளரங்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள்.

மின்வெட்டையும் நாம் மறத்தல் இயலாது. 2022 மார்ச் 31ஆம் நாள் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்டிலே வாழ்கின்றோம். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கிற்று. அவ்வேளைகளில் கதவைத் திறவாதிருத்தலே முதல் வைத்தியம். திறவாத கீழறை ஏறத்தாழ நாலு மணி நேரம் தாங்கும். பனி சேமிப்பாக வேண்டுமென்பீராயின், அது போத்தல்களில் உறையட்டும், சுவரில் வேண்டாம். ஒரு கிண்ண நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயக்குற்றியை இட்டு உறையறையில் வைத்திருங்கள். நீங்கள் ஊர் சென்று திரும்பும்போது குற்றி மேலேயே இருந்தால் நன்று. அடியிற் புதைந்திருந்தால், இடையில் மின்சாரம் நெடுநேரம் நின்று எல்லாம் உருகி மீண்டும் உறைந்துள்ளன. அந்த மீனை உண்ணற்க.

என் தமக்கையார் வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவே. பனியை உருக்கினோம்; கதவுப் பட்டியைக் கழுவினோம்; குமிழை நடு இலக்கத்துக்குத் திருப்பினோம்; ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு நடுத்தட்டில் வைத்தோம். மறுநாட் காலை அது 4 பாகை காட்டிற்று. அத்தானின் புதிய மருந்து இப்போது உறையறையிலிருந்து விலகி, அந்த வெப்பமானியின் அருகிலே இருக்கின்றது. தமக்கையார் நாள்தோறும் காலையில் முதலில் அதைப் பார்த்துவிட்டே பாலை எடுக்கின்றார்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் உறையறையைத் திறந்து பாருங்கள். பனி கால் அங்குலத்தைத் தாண்டியிருந்தால் குமிழைத் தொடாதீர்கள். நாணயத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு கதவின் அருகே செல்லுங்கள்.